அடுத்த வேலையைக் கையில் கொடுப்போம்

சேர்க்கைக் காலத்தில் ஆலோசனை மேசைக்கு முன் வந்து உட்காருகிறவர்களிடம் ஊக்கத்துக்குக் குறைவே இருப்பதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்டு பார்ப்பவர், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் பயிரிடுபவர், கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மீண்டும் கையில் எடுப்பவர் என எல்லோரும் பட்டம் வாங்கியே தீருவது என்ற உறுதியோடுதான் பணம் கட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாடநூல் கட்டு பிரிக்கப்படாமல் கிடக்கிறது. முதல் தேர்வில் இரண்டு தாள் எழுதவில்லை. அடுத்த தேர்வுக்குள் அவை அரியர்களாகச் சேர்ந்துகொள்கின்றன. மூன்றாம் ஆண்டில் அவர் ஹால் டிக்கெட் வாங்கக்கூட வருவதில்லை. தொலைநிலைக் கல்வியிலும் முதியோர் கல்வியிலும் ஆலோசகராக இருக்கும் நம் எல்லோருக்கும் இது நன்றாகவே தெரியும்.

இதற்கு நாம் சொல்லும் காரணம், அவருக்கு ஆர்வம் போய்விட்டது என்பது. அந்த நோய்க்கு நாம் தரும் மருந்து ஊக்கவுரை. நேர்முக வகுப்பின் முதல் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லி, உங்களாலும் முடியும் என்று அனுப்பிவைக்கிறோம். கைதட்டல் கிடைக்கிறது. பாடநூல் கட்டு மட்டும் பிரிபடுவதில்லை. ஊக்கம் வந்தால் வேலை நடக்கும் என்று நாம் வைத்திருக்கும் வரிசையே தலைகீழானது என்பது இவ்விதழின் நிலைப்பாடு. வேலை சிறிதளவேனும் நடந்து, அது நடந்தது என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ஊக்கம் நிலைக்கிறது. ஆகவே ஆலோசகரின் முதல் கடமை அந்தச் சிறிய வேலையை மாணவரின் கையில் கொடுப்பது.

இதை அண்ணாமலை நகரிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் 1929-இல் இங்கே தொடங்கியது. 1979-இல் அதன் தொலைதூரக் கல்வி இயக்ககம் பிறந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டைக் கவனித்துக்கொண்டே பட்டம் பெறலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டின் எத்தனையோ குடும்பங்களுக்குள் இந்த ஊரின் முகவரி வழியாகத்தான் நுழைந்தது. பெரிய இலக்கோடு தனியாகப் படிக்க உட்காரும் ஒருவருக்கு என்ன தேவை என்று சிந்திக்கும் பொறுப்பு இந்த ஊருக்குக் கூடுதலாகவே உண்டு.

அந்தச் சிந்தனைக்கு உதவும் வாழ்க்கை ஒன்றும் இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. பின்னாளில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 69. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்த விடாமுயற்சி எங்கே, எப்படித் தொடங்கியது என்பதில்தான் நம் தொழிலுக்கான பாடம் இருக்கிறது.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அவர் சேர்ந்த ஆண்டு அது; வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, புராணம் என்று இவர் பெரிய பட்டியலே சொல்கிறார். முதலியார் அதில் திருப்தியடையவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. பின்னர் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை இவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்.

முதலியார் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். இளைஞரைப் புகழவில்லை, உபதேசமும் செய்யவில்லை. இதுவரை எங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அடுத்துப் போகவேண்டிய இடத்தைப் பெயர் சொல்லிக் காட்டினார். அங்கே போவதற்கான பொருளைக் கையில் வைத்தார். சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பிப்பதே என் வாழ்நாள் இலக்கு என்று சாமிநாதையர் சபதம் எடுத்து வீடு திரும்பவில்லை. படித்தால் புரியாத ஒரு நூலோடு திரும்பினார். புரியாத இடங்கள் சமண சமயம் பற்றியவை என்று தெரிந்ததும் கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். பாடம் வேறுபட்ட இடங்களைத் தீர்க்க வேறு ஏடுகள் தேவைப்பட்டபோது அவற்றைத் தேடி அலைந்தார். ஒவ்வொரு தடையும் அடுத்த வேலை இன்னதென்று சொல்லிக் கொடுத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல், சிந்தாமணி அச்சேறியது. அதன்பிறகு பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல் வந்தன. குறுந்தொகைப் பதிப்பு வெளியான 1937-இல் அவருக்கு வயது 82. இலக்கு வேலையோடு சேர்ந்து வளர்ந்தது. முடித்த ஒவ்வொரு நூலும் அடுத்ததற்கான பலத்தைத் தந்தது.

உளவியல் ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லெவன்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு ஆலோசகரும் அறிந்திருக்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மாணவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். சிலருக்கு அச்சமூட்டும் படங்களோடு, சிலருக்கு மென்மையாக. ஊசி போடும் இடத்துக்குப் போய் வந்தவர்களின் எண்ணிக்கையை அச்சத்தின் அளவு மாற்றவில்லை. ஆனால் சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைக் கொடுத்து, உங்கள் வாரத்தில் எந்த நேரத்தில், எந்த வழியாகப் போவீர்கள் என்று திட்டமிடச் சொன்னவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர் போனார்கள். வெறும் அறிவுரை கேட்டவர்களில் சுமார் 3 விழுக்காட்டினரே போனார்கள். பீட்டர் கோல்விட்சர் பின்னர் இதையே ஒரு கோட்பாடாக வளர்த்தார். இன்ன நேரம் வந்தால், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள், செய்வேன் என்று மட்டும் உறுதி பூண்டவர்களைவிடத் தங்கள் இலக்கை அதிகம் எட்டுகிறார்கள் என்பதை அவரும் பிறரும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள்.

இலக்கின் தூரமும் முக்கியம். ஆல்பர்ட் பாண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தல் கணக்கு வராத, அதை விரும்பாத சிறுவர்களுக்கு ஏழு அமர்வுகளில் 42 பக்கப் பயிற்சி தரப்பட்டது. ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடியுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழாவது அமர்வுக்குள் 42 பக்கத்தையும் முடியுங்கள் என்றார்கள். மொத்த வேலை ஒன்றேதான். ஆறு பக்க இலக்கு பெற்றவர்கள் கணக்கில் முன்னேறினார்கள். தங்களால் முடியும் என்ற நம்பிக்கை பெற்றார்கள். பிடிக்காத கணக்கிலேயே ஆர்வமும் பிறந்தது. தூரத்து இலக்கு பெற்றவர்களுக்கோ இலக்கே இல்லாதவர்களைவிடச் சொல்லத்தக்க பயன் எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் காட்டி அனுப்பும்போது நாம் மாணவருக்குக் கொடுப்பது இந்த இரண்டாம் வகை இலக்கு.

எட்வின் லாக், கேரி லாத்தம் ஆகியோரின் இலக்குக் கோட்பாட்டை நாம் அனைவரும் பாடமாகப் படித்திருக்கிறோம். முடிந்ததைச் செய் என்பதைவிட, திட்டவட்டமான, சற்றே கடினமான இலக்கு அதிகம் சாதிக்கும் என்பது அதன் சாரம். அந்தக் கோட்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். கான்ஃபர், ஆக்கர்மன் இருவரும் 1989-இல் காட்டியபடி, முற்றிலும் புதிய, சிக்கலான திறனைக் கற்கத் தொடங்கும் கட்டத்தில் மதிப்பெண் இலக்கு கவனத்தைச் சிதறடிக்கிறது. பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு புத்தகத்தைத் திறப்பவரிடம் முதல் மாதத்திலேயே 60 மதிப்பெண் வாங்க வேண்டும் என்று சொல்வது தவறு. முதல் அலகைப் படித்து அதிலிருந்து மூன்று கேள்விகளுக்குச் சொந்த நடையில் விடை எழுத வேண்டும் என்பதே அவருக்கு ஏற்றது. மதிப்பெண் பற்றிய பேச்சு இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். திட்டம் என்பது மாணவரின் நாட்காட்டியில் போய் உட்கார வேண்டும். கடலூர் மாவட்டத்தில் அந்த நாட்காட்டியை எழுதுவது வானமும் வயலும் கடலும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம் என மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மூன்றும் ஆண்டின் அந்தக் கடைசி மாதங்களில்தான் வந்தன. வீராணத்துப் பாசனத்தில் சம்பா வேலை தொடங்கிவிட்டால் விவசாய வீட்டில் மாலை நேரம் என்று ஒன்று இருக்காது. பரங்கிப்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாததால் நேரம் கிடைக்கும். ஆனால் வருமானம் சுருங்கும். சிதம்பரத்துக் கடைக்காரருக்கு ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ரா தரிசனமும் ஓய்வில்லாத நாட்கள். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. தெரிந்தும் எல்லோருக்கும் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து படியுங்கள் என்ற ஒரே அறிவுரையைச் சொல்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து காலை வீடு திரும்பும் சுரங்கத் தொழிலாளிக்கு அந்த ஐந்து மணியால் என்ன பயன்? ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்ததும் தேநீர் குடிக்கும் அதே மேசையில் நான்கு பக்கம் என்று அவரோடு சேர்ந்து முடிவு செய்தால் அது நடக்கும்.

விட்டுப்போன நாட்களைப் பற்றியும் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஒரு புதிய பழக்கம் எப்படிப் படிகிறது என்று 12 வாரம் கவனித்தார்கள். அது தானாக நடக்கும் நிலையை எட்ட ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மேடையில் சொல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 22-ஆம் நாளும் கஷ்டமாகவே இருக்கும் மாணவர், குறை தன்னிடம்தான் என்று நினைத்து விலகிவிடுகிறார். மழையில் இரண்டு வாரம் போய்விட்டால் எல்லாம் போயிற்று என்று அவர் நினைக்கக் கூடாது. மழை விட்ட முதல் ஞாயிறு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை மழைக்கு முன்பே எழுதி வைக்கச் செய்வது நம் வேலை.

ஆகவே ஒவ்வொரு படிப்பு மையமும் இந்த ஆண்டு நான்கு மாற்றங்களைச் செய்துபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சேர்க்கை நாளன்றே பாடநூல் கட்டை ஆலோசகரின் முன்னிலையில் பிரித்து, முதல் அலகின் முதல் பகுதியை அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதாக, அடுத்த நான்கு வாரத்துக்கான நேரம், இடம், பக்கம் ஆகிய மூன்றையும் மாணவர் தன் கைப்பட எழுதட்டும். அதில் அவருக்கு வரக்கூடிய ஒரு தடையும் அதற்கான மாற்று வழியும் இருக்கட்டும். மூன்றாவதாக, முப்பது நாளுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்ற விடைதான் வரும். எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள், எது புரியவில்லை என்று கேட்க வேண்டும். நான்காவதாக, அசைன்மென்ட்டைத் திருத்தித் தரும்போது மதிப்பெண்ணோடு முன்னேற்றத்தைச் சுட்டும் ஒரு வரியும், அடுத்துச் செய்யவேண்டியதைச் சொல்லும் ஒரு வரியும் எழுதுங்கள். இதற்குப் புதிய நிதி வேண்டாம். ஊக்கவுரைக்கு ஒதுக்கும் அந்த ஒரு மணி நேரத்தை இதற்குத் திருப்பிவிட்டாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். எல்லா இலக்கையும் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணன் சொன்னதால், பதவி உயர்வுக்கு உதவும் என்று யாரோ சொன்னதால் தனக்கு ஒவ்வாத பாடத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களிடம் விடாதே என்று சொல்வது இரக்கமற்ற செயல். எட்ட முடியாததை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் கூடுதல் மனநலத்தோடு இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ரோஷ் முதலியோரின் ஆய்வுகள் சொல்கின்றன. பாடத்தை மாற்றலாம், ஓராண்டு தள்ளி வைக்கலாம், பட்டத்துக்குப் பதிலாகச் சான்றிதழ்ப் படிப்போடு நிறுத்தலாம். இதைத் தோல்வியாகப் பதிவு செய்யாமல் முடிவாகப் பதிவு செய்ய நமக்கு மனம் வேண்டும். விட்டுவிடுவது களைப்பாலா, தேர்வாலா என்று உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்வது ஆலோசகரின் பணி.

படிப்பை நிறுத்தியவரைக் குறை சொல்வது எளிது. அவரிடம் ஆர்வம் இருந்தது. பணம் கட்டியதே அதற்குச் சாட்சி. அந்த ஆர்வத்தை முதல் முப்பது நாளில் ஒரு வேலையாக மாற்றிக் கொடுக்கத் தவறியது நம் துறை. வரும் சேர்க்கையில் உங்கள் மையத்தில் இந்த நான்கையும் செய்துபாருங்கள். எத்தனை பேர் முதல் தேர்வு வரை வந்தார்கள் என்பதைச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்; இரண்டையும் வெளியிடுவோம்.