பத்தொன்பது வயதில் ஒரு போர் விமானி

முதல் உலகப் போரில், 1917 டிசம்பரில் விமானம் நொறுங்கி விழுந்தபோது, கல்கத்தாவில் பிறந்த பிரிட்டிஷ் படை விமானி இந்திரலால் ராய் செத்துவிட்டதாகவே நினைத்தார்கள். பிழைத்தார். உடல் தேறியதும் மீண்டும் பறக்கத் துடித்தார்.

ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தினால் ‘ஏஸ்’ என்பார்கள். ராய் 1918 ஜூலை 9 முதல் 19-க்குள், எஸ்.இ.5ஏ விமானத்தில் பறந்து பத்து வெற்றிகளைக் குவித்தார்!

ஜூலை 22 அன்று வான்சண்டையில் மாண்டார். பிறகே டி.எஃப்.சி. எனும் பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வந்தது; அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

அடுத்தவன் பேரரசுக்காகப் போரிட்டவர் என்று அவரை ஒதுக்குவது அநியாயம். இந்தியர்களுக்கு அதிகாரிப் பதவியே அரிதாக இருந்த காலம் அது. நம் பாடநூல்களில் அவருக்கு ஒரு பக்கம் வேண்டும். பிரான்ஸில் இருக்கும் அவரது கல்லறையிலாவது வங்க எழுத்துகள் இருக்கின்றன.