வேனுக்கு எல்.இ.டி. விளக்கா? 12 வோல்ட்டை நம்பாதீர்கள்

படுக்கை, அடுப்பு வைத்த கேம்பர் வேனுக்கு எல்.இ.டி. விளக்கு வாங்கும் பலர், அட்டையில் 12 வோல்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட், 5 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வேன் பேட்டரி அப்படியல்ல. எஞ்சின் ஓடி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை போகும்.

விலை குறைந்த ஸ்ட்ரிப்பில் மூன்று வெள்ளை எல்.இ.டி.க்களும் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கும். எல்.இ.டி.க்களுக்கு சுமார் 9.6 வோல்ட் போக, மீதி 2.4 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 14.4 வோல்ட் வந்தால் அந்த மீதி 4.8 ஆகிறது. கரண்ட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பளிச்சென்று எரியும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்! ஆனால் சூட்டில் சீக்கிரம் மங்கிவிடும். எனவே, கரண்ட்டைச் சீராக்கும் டிரைவர் உள்ளேயே அமைந்த, 10-30 வோல்ட் என்று குறித்த விளக்கையே நான் வாங்குவேன். விலை சற்றுக் கூடத்தான்.

பியூஸ் கட்டாயம் வேண்டும். மீட்டருக்கு 4.8 வாட் ஸ்ட்ரிப், 5 மீட்டர் போட்டால் 24 வாட், அதாவது 2 ஆம்பியர்தான். ஆனால் ஒயர் வேனின் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி ஒயரையே எரித்துவிடும். 3 ஆம்பியர் பியூஸை விளக்கருகே போடாமல், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே போடுங்கள்.