மழை இயற்கை, பட்டினி யார் செயல்?

விடியுமுன் பெரட்டுக் களத்தில் விளக்கு எரிகிறது. வாளியும் உளியுமாக வந்து நிற்கும் பால்மரத் தொழிலாளர் கிழக்கே பார்ப்பதில்லை. தலைக்குமேல் வானத்தைப் பார்க்கிறார்கள். தூறலாகத் தொடங்கிய மழை சோவெனக் கொட்டுகிறது. பட்டை நனைந்த மரத்தை வெட்டினால் பால் வெட்டுக் கோட்டின் வழியே ஓடாது. பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகும். மங்கில் விழுந்த பாலையும் மழைநீர் அடித்துக்கொண்டு போகும். “இன்று வெட்டு இல்லை” என்கிறார் மண்டோர். தொழிலாளி வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். கிராணிமாராகிய நாம் செக்ரோலைத் திறந்து அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுக்கிறோம். கோடு விழுந்த நாளுக்குக் கூலி இல்லை.

ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: “இயற்கையப்பா, யார் என்ன செய்ய முடியும்?”

இந்தப் பதிலைத்தான் நாம் இன்று கேள்வி கேட்கிறோம்.

மழை பெய்வது இயற்கை. மண் சரிவது இயற்கை. கடல் பொங்குவதும் இயற்கையே. ஆனால் அதன் நட்டம் யார் தலையில் விழவேண்டும் என்று தீர்மானிப்பது இயற்கை அல்ல. அதை மனிதர் தீர்மானிக்கிறார்கள். தீர்மானித்துவிட்டுப் பழியை மேகத்தின்மேல் போடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நம்மில் யார் மறப்பார்? காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. பேரலை நம் கெடாவின் கோத்தா கோலா மூடாக் கரையில் ஏறியபோது நண்பகல் கடந்துவிட்டது. இடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்! பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை நிலையம் பல்லாண்டுக் காலமாக இருந்தது. ஏழை நாடுகள் சூழ்ந்த இந்துமாக் கடலுக்கு அன்று அது இல்லை. மலேசியாவில் 68 உயிர்கள் போயின. நாகப்பட்டினக் கரையிலோ ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். அதன் பிறகுதான் எச்சரிக்கை அமைப்பு பிறந்தது; நம் கடற்கரைகளில் அபாயச் சங்கு நட்டார்கள். அலையை அனுப்பியது இயற்கை. நான்கு மணி நேரம் வாய்மூடிக் கிடந்தது மனிதரின் ஏற்பாடு.

கடலை விட்டு மலைக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 18இல் ஜெராய் மலையில் பெருமழை பெய்து மண் சரிந்தது. யான் வட்டாரத்திலும் மலையைச் சுற்றிலும் ஆறு பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டு, 2022 ஜூலை 4இல், பாலிங் மாவட்டத்துக் கூப்பாங் பகுதியில் வெள்ளம் வந்தது. வந்தது நீர் மட்டுமா? சேறும் பாறையும் பெருமரக் கட்டைகளும் வீடுகளை இடித்துக்கொண்டு வந்தன. மூவர் மாண்டனர். குனோங் இனாஸ் மலையில் டுரியான் பயிரிடக் காட்டை அழித்ததே காரணம் என்று கிராம மக்கள் குற்றம் சாட்டினர். மாநில அரசு அதை மறுத்தது. அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. மரம் நிற்கும் சரிவும் பெருமழையில் சரியும் என்பதை ஜெராய் காட்டியது. அப்படியானால், மரத்தையும் வெட்டி மலையை மொட்டையாக்குவது எத்தனை பெரிய துணிச்சல்! காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது சுமக்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். உலகம் சூடேறிவரும் இந்தக் காலத்தில் வருங்கால மழை நம் பாட்டன் கண்ட மழையாக இராது.

மண்ணைக் காக்கும் வழி தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அதைக் கற்ற இடமே நம் ரப்பர்த் தோட்டம்தான். ஆதியில் துரைமார் தோட்டத்தில் ஒரு புல்லும் இருக்கக்கூடாது என்று மண்ணை வெறுமையாக வழித்து வைத்தார்கள். மேல்மண் மழையில் கரைந்து ஓடியது, ஆறுகள் மண்மேடிட்டன. பட்டபின் புத்தி வந்தது. மலைச்சரிவில் படிக்கட்டாக மேடை வெட்டினார்கள். வண்டல் குழி தோண்டினார்கள். மண்ணை மூடும் அவரை இனக் கொடிகளைப் படரவிட்டார்கள். வெட்டியது நம் பாட்டன்மார் மண்வெட்டி. விதைத்தது நம் பாட்டிமார் கை. ஆகவே எது செய்தால் மண் நிற்கும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. செலவுக்கு அஞ்சிச் செய்யாமல் விட்டுவிட்டு, “இறைவன் சோதனை” என்பது நியாயமா?

இனி நம் சம்பளக் கணக்குக்கு வருவோம்.

2017 தொடக்கத்தில் தென் தாய்லாந்தை வெள்ளம் மூழ்கடித்தது. வெட்டு நின்றது, சந்தையில் ரப்பர் விலை ஏறியது. சரக்கைக் கட்டி வைத்திருந்தவனுக்கு மழை லாபமாயிற்று. வெட்டுக்கத்தி பிடித்தவனுக்கு அதே மழை பட்டினியாயிற்று. ஒரே மேகம், இரண்டு கணக்கு! இதுவும் இயற்கையா?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை நம் தோழர்கள் எத்தனை பேர் அறிவர்? தோட்டத்தில் உழைத்த நாள்களை எண்ணிக் கூலி பெறும் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். கொடுக்க முடியாமற் போனாலும், கொடுக்கத் தவறினாலும், உழைக்க மனமும் உடல்நலமும் உள்ளவருக்கு அந்த நாள்களின் கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும். “முடியாமற் போனாலும்” என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! முதலாளியின் கை மீறிய நாளின் நட்டமும் முதலாளியைச் சேர்ந்ததே என்பதுதானே அதன் பொருள்?

நிர்வாகத்தார் உடனே சொல்வார்கள்: “நீங்கள் பாலின் எடைக்குக் கூலி வாங்குகிறவர்கள், அந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை” என்று. நல்லது. அப்படியானால் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் அதை எழுதுங்கள் என்கிறோம். வறட்சியில் பால் குறைந்தாலும், இலை உதிர்ந்து மரம் இளைத்தாலும், விலை சரிந்தாலும் கம்பெனி பிழைத்துக்கொள்ளக் காப்புநிதி உண்டு, காப்புறுதி உண்டு, வங்கிக் கடன் உண்டு. தொழிலாளிக்கு என்ன உண்டு? கடைக்காரர் பற்று நோட்டும் அடகுக் கடையும்தானே! சுமை தாங்க வல்லவன் தோளை விட்டுவிட்டுச் சுமையை ஏழையின் தலையில் ஏற்றுவது எந்த ஊர்த் தர்மம்?

இங்கே கிராணிமாராகிய நம் குற்றத்தையும் மறைக்காமல் சொல்வோம். பெரட்டுக்கு வந்து மழையால் திருப்பி அனுப்பப்பட்டவரையும், வீட்டிலேயே படுத்திருந்தவரையும் ஒரே கோட்டால் குறித்தது நம் பேனாதான். “வந்தார்; வேலை கொடுக்கப்படவில்லை” என்று எழுத நமக்குக் கை நடுங்கியது. வேலை போய்விடுமே என்ற அச்சம்! அந்த ஒரு வரி இல்லாததால் தொழிலாளர் இலாகாவில் தோழர் காட்டுவதற்கு ஆதாரம் இல்லாமற் போயிற்று.

ஆகவே இனிச் செய்யவேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறோம்.

மழை நாளிலும் பெரட்டுக்கு வாருங்கள். வருகையைப் பதிவு செய்யுங்கள். கிராணிமார் உண்மையை உண்மையாக எழுதுவோம். கிளைச் செயலவைகள் மழை நாள்களின் கணக்கை மாதந்தோறும் திரட்டட்டும். தோட்டத்து ஆற்றோரத்திலும் சரிவடியிலும் உள்ள வீடுகள் எத்தனை, அடைந்து கிடக்கும் வாய்க்கால் எத்தனை, வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஏற வழி எது என்று எழுதி நிர்வாகத்திடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். கடல் கடந்து வந்து நம்மோடு நிரையில் நிற்கும் வங்காளதேசத் தோழரையும் இந்தோனேசியத் தோழரையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வெள்ளம் கடவுச்சீட்டைப் பார்த்து வருவதில்லை.

மழையை நிறுத்தும் வல்லமை நமக்கு இல்லை. நாம் அதைக் கேட்கவும் இல்லை. மழை பெய்யட்டும், மரம் தழைக்கட்டும். அந்த மழை நாளில் தொழிலாளியின் அடுப்பும் எரியவேண்டும் என்கிறோம். இது பிச்சையன்று, உரிமை!

ஒன்றுபட்டுக் கேட்போம்! பெறும்வரை ஓயோம்!