பிப்ரவரி 31-இல் பிறந்த மாணவன்

கணினி ஏற்றுக்கொண்டுவிட்டால் தேதி சரியாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை.

மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்புகளில், கண்டிப்பு முறையை நாமே இயக்காவிட்டால், பிப்ரவரி 31 என்று உள்ளிட்டாலும் மறுப்பு வராது. வெறும் சுழியங்களாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும். 2015-இல் வெளிவந்த 5.7 பதிப்பில்தான் கண்டிப்பு முறை இயல்பான அமைப்பாயிற்று.

இதனினும் கொடியது 03/04/2017. நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைந்த எக்செல்லுக்கோ மார்ச் 4! 13/04/2017 எனில் பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால் அதனை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பிழை கண்ணில் படும். 12-க்கு உட்பட்ட நாள்களே ஓசையின்றி இடம் மாறுகின்றன. ஆண்டு மாறாததால் மாணவன் உரிய வகுப்பிலேயே இருப்பான். எவருக்கும் ஐயம் எழாது. பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் பிழையாக வந்த பின்னர் அலைபவர்கள் பெற்றோரே.

நம் பிள்ளைகளின் மைகிட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. ஏப்ரல் 3 எனில் 170403. மாணவர் பதிவு மென்பொருள் இதனோடு தேதியை ஒப்பிட்டு, பொருந்தாவிடில் பதிவை மறுக்க வேண்டும்; தானே ஊகித்துத் திருத்துதல் கூடாது. பெற்றோர்களே, பள்ளி தரும் விவரத்தாளில் கையொப்பமிடுமுன் அந்த ஆறு இலக்கங்களையும் ஒருமுறை பாருங்கள்.