பழைய ஸ்கூட்டரும் சீட்டுப் பணமும்

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியுள்ளார். காலஞ்சென்ற மாமனார் ஓட்டிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றது. விடுமுறைக்கு வரும் மகனும் தந்தையுமாகச் சேர்ந்து, மெக்கானிக்கிடம் விடாமல், தாங்களே அதன் இஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க முடிவு செய்துவிட்டனராம். வீட்டில் இருப்பதோ சீட்டு எடுத்த பத்தாயிரம் ரூபாய். ஆனி மாதம் மகளின் கல்லூரிக் கட்டணம் வருகின்றது. “இதில் கைவைக்கலாமா?” என்று வினவுகின்றார்.

அந்த வண்டியின்மேல் வீட்டாருக்குள்ள பற்றை நாம் எள்ளி நகையாட மாட்டோம். வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்யும் இத்தாலியப் பியாஜியோ நிறுவனத்தின் உரிமம் பெற்று 1960 முதல் ஸ்கூட்டர் செய்துவந்த பஜாஜ் நிறுவனம், அவ்வுரிமம் 1971-இல் முடிவுற்ற பின், 1972-இல் தன் சொந்தப் பெயரில் கொணர்ந்த வண்டி அது. மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. முன்பணம் கட்டிப் பதிவு செய்தோர் ஆண்டுக் கணக்கில், சில வேளை பத்தாண்டு வரையிலும், காத்திருந்து பெற்றனர். சுங்குடிச் சேலை மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் சென்று வருவதற்கு அதனினும் வாகான வண்டி நெசவாளர் வீடுகளுக்கு வேறெது?

ஆயினும், கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று நம் ஆண்டவர் உரைத்ததை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அடித்தளத்தோடு நின்றுபோன அக்கோபுரத்தைப் போலவே, நட்டும் போல்ட்டுமாகக் கோணிப்பையில் கட்டிப் பரண்மேல் ஏற்றப்பட்ட இஞ்சின்கள் நம் ஊர்களில் அநேகம்.

முதற்செலவு இஞ்சினில் இல்லை, காகிதத்தில் இருக்கின்றது. ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் உள்ளது? மாமனார் பெயரிலேயே இருப்பின், தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று பெற்று, படிவம் 31 வழியாகப் பெயர் மாற்ற வேண்டும். அடுத்து, பதிவு உயிரோடு உள்ளதா? சொந்த உபயோக வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025-இல் மீண்டும் உயர்ந்தது. பசுமை வரி தனி. நெடுநாள் புதுப்பியாமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறி நிற்கும். சாக்கு மூடிய வண்டி என்று அலுவலகம் இரங்காது. ஆகவே ஒரு நட்டையும் தொடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, தொகையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். சில வண்டிகளுக்கு இத்தொகை இஞ்சின் செலவையே விஞ்சிவிடும். (‘விண்டேஜ்’ என்று பதியலாமே என மகன் சொல்லக்கூடும். 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு. கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்டவும் அனுமதியில்லை. நமக்கு அது வேண்டாம்.)

அடுத்தது, இஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்னும் கேள்வி. இழுவை குறைந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பலவற்றுக்குக் குறை வெளியிலேயே இருக்கும். சைலன்சரிலும் புகை வெளியேறும் துவாரத்திலும் கரி அடைத்திருந்தால் எந்தப் புதுப் பிஸ்டனும் உதவாது. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் மாற்றிப் பார்ப்பது சிறு செலவே. இதற்குப் பின்னும் வெண்புகை நிற்காமல், கியர் ஆயிலும் தானாகக் குறைந்து வந்தால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போயிற்று என்று கொள்ளலாம். மேக்னெட் பக்கத்துச் சீல் கெட்டாலோ வெளிக்காற்று உட்புகுந்து இஞ்சின் கொதிக்கும். சீல் மலிவானது, ஆனால் கிளட்ச் பக்கத்துச் சீலை எட்ட முழு இஞ்சினையும் இரண்டாகப் பிளக்க வேண்டும். மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி இதற்கே. தந்தையும் மகனும் மிச்சப்படுத்தப்போவது இக்கூலியை மட்டுமே என்பதை மறவாதிருக்க வேண்டும்.

வண்டியிலிருந்து இஞ்சினை இறக்குவது கடினமன்று. கேபிள்களையும் ஒயர்களையும் விடுவித்தால், ஒரு நீண்ட போல்ட்டிலும் பின்பக்க ஷாக் அப்சார்பரிலுந்தான் அது தொங்குகின்றது. மேக்னெட்டைக் கழற்றும் புல்லரையும் கிளட்ச் நட்டுக்கான தனி ஸ்பேனரையும் தெரிந்த பட்டறையில் இரவல் கேட்கலாம். சுத்தியால் தட்டிக் கழற்ற முயன்று மேக்னெட் விசிறியை உடைத்தால் மிச்சம் பிடித்த கூலி அங்கேயே போய்விடும். இங்கு ஒரு முக்கியச் செய்தி. பிரித்தவுடன் எதையும் வாங்க ஓடலாகாது. கிராங்க் கேஸில் வெடிப்பு உண்டா, கிராங்க்கை ஒட்டிப் பெட்ரோல் நுழையும் வாயிலுள்ள வழவழப்பான மேடை கீறலின்றி இருக்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். அம்மேடை ஆழக் கீறியிருந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். அங்கே நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை.

வீட்டில் செய்ய முடியாதவை இரண்டு: சிலிண்டரைப் போர் அடிப்பதும், கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்துக் கனெக்டிங் ராடும் பேரிங்கும் மாற்றுவதும். இவை லேத்துப் பட்டறை வேலை. சேத்தக் சிலிண்டரின் உள்விட்டம் 57 மில்லிமீட்டர். தேய்மானத்துக்கேற்பக் கால், அரை என்று மில்லிமீட்டர் கணக்கில் பெருக்குவர். எந்த அளவு தேவை என்று பட்டறையில் அளந்து கேட்டு, அந்த அளவுப் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்துத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். ஆளை அளக்காமல் சட்டை தைப்பாருண்டோ? பேரிங், ஆயில் சீல், கேஸ்கட் அனைத்தையும் பிரித்த கையோடு மாற்றிவிடுவதே சிக்கனம். பழைய சீல் ஒன்றை மிச்சம் பிடித்தவர், அதற்காகவே மறுபடி இஞ்சினை இறக்க நேரும். போலிச் சாமான்கள் நடமாடுவதால் பேரிங்கில் விலை பேரம் வேண்டாம்.

இனிச் சகோதரியின் பத்தாயிரத்துக்கு வருவோம். நம் விடை இது: கல்லூரிக் கட்டணத்தை இன்றே பிரித்து மகளின் பெயரில் வங்கியில் இட்டுவிடுங்கள். மீதமிருப்பதை மூன்று உறைகளாக்குங்கள். முதல் உறை காகிதத்துக்கு. இரண்டாவது சாமானுக்கும் லேத்துக்கும். மூன்றாவதில், இரண்டாவது உறையின் தொகையில் மூன்றில் ஒரு பங்கை இட்டு ஒட்டிவிடுங்கள். பிரித்த இஞ்சினில் எதிர்பாராத ஒன்று தேய்ந்திருக்காமல் இராது. மீதம் மூன்று உறைக்கும் போதாதெனில் இவ்வாண்டு காகித வேலையும் வெளிக் குறைகளும் போதும். சிலிண்டர் வேலை அடுத்த சீட்டுக்குக் காத்திருக்கலாம். அவ்வண்டிக்காக ஒருகாலத்தில் ஆண்டுக் கணக்கில் காத்திருந்த குடும்பந்தானே! ஆனால் வட்டிக்கு வாங்கிப் பிஸ்டன் போடுவது வேண்டவே வேண்டாம். கணவரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், மூவரும் அமர்ந்து எழுதும் கணக்காக வையுங்கள். மகன் எழுதட்டும், தகப்பனோடு தரையில் உட்கார்ந்து கையெல்லாம் கிரீஸ் படிய வேலை செய்யும் கோடை அவனுக்கு மீண்டும் வாய்ப்பது அரிது. அதற்கு நாம் விலை போடவில்லை.

இஞ்சின் கூடி முடிந்தபின் ஒரு சொல். புதுப் போர் அடித்த வண்டியை உடனே சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற மகனுக்கு ஆசை பிறக்கும். கூடாது. முதற்சில நூறு கிலோமீட்டர் வரை இரண்டாம் ஆளின்றி, முறுக்காமல், பெட்ரோலில் ஆயிலைச் சரியாகக் கலந்து, அம்பாத்துரை இரயில் நிலையம் வரை போய் வரட்டும். திரும்பியதும் வண்டி ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கட்டும். அது காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கின்றது, மறுபடி ஓட்டுமுன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.