மனப்பாடத்துக்கு மார்க் இல்லைங்க

பொண்ணை வக்கீலுக்குப் படிக்க வைக்கணும்னு ஆசைப்படற தமிழ்க் குடும்பங்களை இங்க ஆண்டாப் ஹில்லில் நிறையப் பார்க்கிறேன். நல்ல ஆசைதான். ஆனா அதுக்கு அவங்க பண்ற ஏற்பாடு இருக்கே... கொஞ்சம் கோபமாவே சொல்லிடறேன்.

முதல்ல, ஊர்க் கணக்கை இங்க போடாதீங்க. தமிழ்நாட்டுல அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல அஞ்சு வருஷப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்கே போதும். மும்பையில சர்ச்கேட் அரசு சட்டக் கல்லூரிக்குக்கூட நுழைவுத் தேர்வு எழுதித்தான் போகணும். 1935ல அம்பேத்கர் பிரின்சிபாலா இருந்த காலேஜ் அது.

அடுத்து இந்த மனப்பாட வியாதி. தடிமனா சட்டப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, செக்‌ஷன் நம்பர் ஒப்பிக்க வைக்கிறாங்க. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட்டுல 2020லேர்ந்து கேள்வியே வேற மாதிரி. சுமார் 450 வார்த்தையில ஒரு கட்டுரைத் துண்டு இருக்கும், சட்ட விதியும் அதிலேயே இருக்கும். அதைப் படிச்சு, கேள்வியில வர்ற சம்பவத்துக்குப் பொருத்தணும். இப்ப 120 கேள்வி, 120 நிமிஷம். தப்பு விடைக்கு கால் மார்க் போயிடும். மகாராஷ்டிரா சிஇடியில அந்தக் கழிவு கிடையாது; அங்க ஒரு கேள்வியைக்கூட காலியா விட்டுட்டு வரக்கூடாது.

ஆக, இது ஞாபகப் பரீட்சை இல்லை. கடிகாரத்தோட ஓடிக்கிட்டே வாசிக்கிற பரீட்சை. அதுக்கு தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படிக்கணும். வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு, நடுவுல எழுந்திருக்காம எழுதணும். மறுநாள் தப்பான ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, புரியாம போட்டதா, அவசரத்துல போட்டதா, நேரம் பத்தலையான்னு குறிக்கணும். பத்து தேர்வு எழுதி ஒண்ணையும் திருப்பிப் பார்க்காத பிள்ளை, அதே தப்பைப் பத்து தடவை பழகியிருக்கு, அவ்வளவுதான்!

கோச்சிங்குக்கு லோன் போடற நாம, தராத ஒண்ணு இருக்கு: ரெண்டு மணி நேர அமைதி. கிளாட் சமீப வருஷங்கள்ல ஞாயித்துக்கிழமை மதியம் 2லேர்ந்து 4 வரை நடக்குது. அதே நேரத்துல நம்ம வீட்டுல டிவி அலறும், விருந்தாளி வருவாங்க, "எந்திரிச்சு டீ போடும்மா"ன்னு பொண்ணைக் கூப்பிடுவோம். பையன் படிச்சா கூப்பிடுவோமா?

ஒரே ரூம் வீடுன்னு சாக்கு சொல்லாதீங்க. டிவியை அணைக்க இன்னொரு ரூம் வேணாம்.