உடல்நலப் பக்கம்: வீட்டுக்குள் சைக்கிள்



நீரிழிவுக்காகத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். இந்த ரொறன்ரோப் பனியில் எங்கே நடப்பது, வீட்டில் மிதிக்க எதை வாங்கலாம் என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார்.

வீட்டில் சைக்கிள் இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ரயரை உருளையொன்றில் அழுத்தும் தாங்கி, பாவித்ததாக 100 டொலருக்குள் அகப்படும். ரயர் தேயும், இரைச்சலும் உண்டு. காந்தத் தாங்கியிலும் திரவம் நிரப்பியது பொதுவாகச் சத்தம் குறைந்தது. கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டாதிருக்கத் தடித்த இறப்பர் விரிப்பொன்று அவசியம்.

பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே மாட்டும் கருவிக்குப் பல நூறு டொலர் வேண்டும். திரையில் மேடு வந்தால் மிதி தானே கனக்கும். ஸ்விஃப்ட் போன்றவற்றின் மாதச் சந்தா வேறு. போட்டிக்குப் பயிலும் பிள்ளைகளுக்குச் சரி; சீனி குறைக்க இது தேவையில்லை.

முழங்கால் நோவுள்ளவர்களுக்கு, முதுகு சாய்க்கும் இருக்கையுள்ள நிலைச்சைக்கிளே சுகம். கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்தே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் மின்விசிறியொன்றை முன்னால் வையுங்கள். வீட்டுக்குள் எதிர்க்காற்று இல்லாததால் உடம்பு விரைவில் கொதித்துவிடும். நிலவறையில் வைக்காதீர்கள், எங்கள் வீட்டு நிலவறை இயந்திரத்தில் இப்போது வேட்டிதான் காய்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடமாவது. இன்சுலின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கி, மிதிக்குமுன் சீனி அளந்து, கைக்கெட்டும் தூரத்தில் இனிப்பு வைத்திருங்கள்.